ஓட்டு அவர்களுடையது, சுமை நம்முடையது

2025 நவம்பர் 4 அன்று நடந்த நியூயார்க் மாநகரத் தேர்தலில் ஸோஹ்ரான் மம்தானி வெற்றி பெற்றார். அந்நகரின் முதல் முஸ்லிம் மேயர், இந்திய வம்சாவளியினர் என்பதால் மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் குழுக்கள் வாழ்த்துகளால் நிரம்பின. மகிழ்ச்சி இயல்பானதுதான். ஆனால் அதே நவம்பர் 4 அன்றுதான் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கெடுப்பும் தொடங்கியது. இந்தச் செய்திக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

அமெரிக்கத் தேர்தல் நம்மைப் பாதிக்காது என்று சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தில் வெறும் 537 வாக்குகள் வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் அதிபரானார். அவருடைய ஆட்சியில்தான் 2003-இல் ஈராக் மீது படையெடுப்பு நடந்தது. பஸ்ராவிலும் ஃபல்லூஜாவிலும் மடிந்த மக்களில் யாருக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டு இருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தையே பார்ப்போம். 2024 நவம்பரில் டொனால்டு டிரம்ப் மீண்டும் வென்றார். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தார். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் சேர்த்தார். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கையும் நீக்கினார். இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அங்கே வாழும் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை அனுப்பக்கூட அந்த நாட்டு அதிபரின் கையெழுத்து குறுக்கே வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஏற்றுமதி செய்பவர் அல்லர். அவர் நெய்யும் புடவை பெரும்பாலும் நம் ஊர்க் கல்யாணங்களுக்கே போகிறது. ஆனால் சரிகையில் வெள்ளி இருக்கிறது, அதன்மேல் தங்க முலாம் இருக்கிறது. வரிப்போர் கிளப்பிய அச்சத்தில் உலக முதலீட்டாளர்கள் தங்கத்தை வாங்கிக் குவித்ததும் ஒரு காரணமாக, 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸ் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. வெள்ளியும் 50 டாலரைத் தொட்டது. சரிகை விலை ஏறினால் புடவை விலை ஏறும். புடவை விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள். கடைசியில் தறிக்குக் கிடைக்கும் வேலை குறையும்.

இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலைமை வேறு. சீனா மீதான வரிக்கு அஞ்சிய ஆப்பிள் நிறுவனம், அமெரிக்காவுக்கான ஐபோன்களை இந்தியாவில் கூடுதலாகத் தயாரித்து அனுப்பியது. ஸ்மார்ட்போன்களுக்கு வரிவிலக்கும் கிடைத்தது. ஆகவே அங்கே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு வேலை நிலைத்தது. ஆனால் இந்தியாவில் தொழிற்சாலை கட்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் சொன்னதாக, 2025 மே மாதம் தோஹாவில் டிரம்ப் வெளிப்படையாகவே பேசினார். விலக்கு கொடுத்த கை நாளை அதைத் திரும்ப எடுக்கலாம். நம் சமுதாயத்தினர் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நிறைந்திருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கும் திருப்பூர் பனியன் தொழிலுக்கும் அந்த விலக்குகூட இருக்கவில்லை.

அப்படியானால் அங்கே 'நல்லவர்' வென்றால் போதுமா? டியர்பார்ன் நகரத்தின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. அரபு முஸ்லிம்கள் அதிகம் வாழும் அந்த மிச்சிகன் நகரத்தில், காஸாவை அழித்த இஸ்ரேலுக்கு பைடன் அரசு ஆயுதம் கொடுத்த கோபத்தில் பலர் கமலா ஹாரிஸைக் கைவிட்டார்கள். அவரைவிட டிரம்புக்கே அங்கு அதிக வாக்குகள் விழுந்தன. பதவியேற்ற சில வாரங்களில், காஸாவை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்று நெதன்யாகுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டிரம்ப் அறிவித்தார். 2025 ஜூன் மாதம் 12 நாட்டு மக்களுக்குப் பயணத் தடை விதித்தார். அதில் யமன், சூடான், லிபியா, ஆப்கானிஸ்தான் எல்லாம் உண்டு. ஓட்டு உள்ள முஸ்லிம்களின் நிலையே இது. ஓட்டே இல்லாத நாம் அங்கிருந்து என்ன எதிர்பார்க்க முடியும்?

இஸ்லாம் ஆட்சியை அமானிதம் என்கிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்புகூட நீதி தவறக் காரணமாகக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம் தரும் பாடம். அந்த நீதிக்கு நாட்டு எல்லை கிடையாது. இன்றைய வல்லரசுத் தேர்தல் முறையிலோ, அதிபர் தன் வாக்காளருக்கு மட்டுமே பதில் சொல்கிறார். அவருடைய முடிவின் சுமையைச் சுமப்பவர்கள் அவரைக் கேள்வி கேட்க வழியில்லை. அந்த வரியைப் பற்றி அவரிடம் பேசவும், பாதிக்கப்பட்ட தொழிலுக்கு நிவாரணம் தரவும், மாற்றுச் சந்தை தேடவும் நமக்காக இருப்பவை டெல்லியும் சென்னையும்தான். அவற்றைக் கேள்வி கேட்கும் ஒரே கருவி நம் ஓட்டு.

அந்த ஓட்டு 2025 இறுதியில் ஒரு படிவத்தில் தங்கியிருந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் தந்த கணக்கெடுப்புப் படிவத்தைக் கெடுவுக்குள் நிரப்பிக் கொடுக்காவிட்டால், வரைவுப் பட்டியலில் பெயர் இருக்காது என்ற நிலை இருந்தது. பீகாரில் இதே பணியின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. நம் வீடுகளில் சிக்கல் இன்னும் அதிகம். ஓர் ஆவணத்தில் முஹம்மது, இன்னொன்றில் முகமது, திருமணமாகி வேறு ஊர் வந்த பெண்கள், வாடகை வீடு மாறியவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள். பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி எடுக்கத் தெரியாத முதியவர்களும் இருக்கிறார்கள்.

வாக்களிப்பது சாட்சியம், பரிந்துரை, பிரதிநிதித்துவம் ஆகிய மூன்று பொறுப்புகளைக் கொண்டது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். சாட்சியத்தை மறைப்பது குற்றம் என்பதை நாம் அறிவோம். அலட்சியத்தால் அதை இழப்பதும் சிறிய விஷயம் அல்ல.

ஒலிமுகமதுபேட்டையானாலும் ஆம்பூரானாலும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இனி வரும் ஜும்ஆக்களில் தொழுகைக்குப் பின் ஓர் உதவி மேசை போடட்டும். படித்த இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் போதும். மஹல்லாவில் உள்ள மாற்று மதச் சகோதரர்களுக்கும், குறிப்பாக எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளர்களுக்கும் அந்த மேசை திறந்திருக்கட்டும். நியூயார்க் மேயருக்காக துஆ செய்வோம். அதற்கு முன் வாக்காளர் பட்டியலில் நம் வீட்டாரின் பெயர்கள் இருக்கின்றனவா என்று சரிபார்த்து வைப்போம்.