மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

நாம் தினமும் ரயிலில் கடக்கிற தாம்பரம் சானடோரியம், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 2004-ல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அரசு இலவச கூட்டு மருந்து தர ஆரம்பித்த முதல் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

“ஆயுசு முழுக்க மாத்திரையா? நடுவுல கொஞ்சம் நிறுத்தினா என்ன?” நியாயமான கேள்விதான்! ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். ‘ஸ்மார்ட்’ ஆய்வில் 33 நாடுகளின் 5,472 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு மருந்தை விடாமல் சாப்பிட்டது. மற்றது, ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்தபோது தொடர்ந்தது. விளைவு? நிறுத்தியவர்களிடம் நோயோ சாவோ நேர்ந்தது, மொத்தமாக இரு மடங்குக்கு மேல்! 2006 ஜனவரியில் அந்த ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

காசநோயிலோ நல்ல சேதி. சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று வருஷக்கணக்கில் கவனித்த ஆய்வுகளால், ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்த சிகிச்சை 6 மாதமானது.

கம்பியின் பலத்தை நாம் ஊகிப்பதில்லை. மெஷினில் இழுத்துப் பார்க்கிறோம். மருந்தும் அப்படித்தான். வீட்டில் யாராவது “உடம்பு தேறிடுச்சு, இனி எதுக்கு?” என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். “எப்போ நிறுத்தலாம்?” என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை; தானாக நிறுத்துவது ஆபத்து!