கங்கை ஒப்பந்தம் முடிகிறது: மின்நிலையத்துக்கும் வயலுக்கும் இடையே ஒரு நதி

2016 மார்ச் 11 அன்று மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் உள்ள ஃபராக்கா அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர் தரும் கால்வாயில் நீர்மட்டம் மளமளவென இறங்கியது. நீராவியைக் குளிர்விக்க வழியில்லாமல் மறுநாள் மின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2,100 மெகாவாட் திறன் கொண்ட நிலையம் சுமார் பத்து நாட்கள் முடங்கியது. ஊழியர் குடியிருப்பில் குடிக்கவும் தண்ணீர் இல்லை. பாட்டில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தனையும் கங்கையின் கரையிலேயே நடந்தது.

அதை நாம் இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டுகள். அது 2026 டிசம்பரில் முடிகிறது.

ஒப்பந்தம் சொல்வது என்ன?

ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில், ஃபராக்கா அணைக்கு வந்து சேரும் நீரைப் பத்துப் பத்து நாட்களாகக் கணக்கிட்டுப் பிரிக்கிறார்கள். வினாடிக்கு 70,000 கனஅடி அல்லது அதற்குக் குறைவாக வந்தால் இரு நாடுகளுக்கும் சரிபாதி. மார்ச் 11 முதல் மே 10 வரை, ஒரு தவணை வங்கதேசத்துக்கும் அடுத்த தவணை இந்தியாவுக்குமாக மாறி மாறி 35,000 கனஅடி உறுதி செய்யப்படுகிறது. மார்ச் 11 முதல் 20 வரை வங்கதேசத்தின் முறை. மின்நிலையம் முடங்கியதும் அதே நாட்களில்தான்.

உடனே, "அண்டை நாட்டுக்குக் கொடுத்ததால்தான் நமக்கு இல்லை" என்று சொல்லிவிடலாம். கணக்கைப் பார்த்தால் அது எடுபடாது. அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. அந்த வரம்பின்படி, 2,100 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினாலும் வினாடிக்கு 72 கனஅடி அளவே செலவாகும். ஆக, மின்நிலையம் நதியைக் குடித்துவிடவில்லை. ஆனால் கால்வாயில் மட்டம் இறங்கினால் அதனால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பகுதி மேலேயே வயலுக்குப் போகிறது. ஹரித்வாரில் 1854இல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாயும், நரோராவில் 1878இல் வந்த கீழ் கங்கைக் கால்வாயும் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு, கோதுமை வயல்களுக்குப் பாய்கின்றன. லட்சக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள், கோடையில் நதிக்கு ஊறிவர வேண்டிய நிலத்தடி நீரையும் உறிஞ்சுகின்றன. அந்த விவசாயிகளைக் குற்றவாளிகளாக்குவது நம் நோக்கமல்ல; அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. ஆனால் மேலே எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் எந்த வரம்பும் இல்லை. 1949 முதல் 1988 வரையிலான சராசரி வரத்தைப் பாதுகாக்க எல்லா முயற்சியும் செய்யப்படும் என்று மட்டுமே அதில் இருக்கிறது. 1977 ஒப்பந்தத்தில், வரத்து எவ்வளவு குறைந்தாலும் வங்கதேசத்துக்கு அதன் பங்கில் 80 சதவீதம் நிச்சயம் என்ற பிரிவு இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது.

கீழே இருப்பவர்கள்

எல்லையைத் தாண்டினால் கங்கைக்குப் பெயர் பத்மா. குஷ்டியா மாவட்டத்தின் பேராமாராவில் கங்கை–கபதக் பாசனத் திட்டத்தின் பம்புகள் பத்மாவிலிருந்து நீர் இறைக்கின்றன. மட்டம் குறைந்தால் அவை ஓடாது. நெல் வயல் காயும். எதிர்க்கரையில் ரூப்பூரில் 2,400 மெகாவாட் திறனில் ரஷ்ய உதவியுடன் அணுமின் நிலையம் எழுந்திருக்கிறது. அதன் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் அதே பத்மாவின் நீர்தான். ஃபராக்கா 2016இல் கண்ட நெருக்கடி நாளை அங்கும் வரலாம். மௌலானா பாஷானி 1976 மே மாதம் மக்களைத் திரட்டி ஃபராக்காவை நோக்கி நடத்திய நெடும்பயணத்தின் கேள்வி இன்னும் முடியவில்லை. கடைமடையின் வலி காவிரியை அறிந்த நமக்குப் புதிதுமல்ல.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். இன்று நதியும் மின்சாரமும் மோதும் இடத்தில் அந்தப் போதனையின் ஆழம் புரிகிறது. மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் வழக்கில், மேட்டு நிலத்துக்காரரான ஸுபைர் (ரலி) அவர்களிடம், உமது தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்துக்குத் திறந்துவிடும்படி நபியவர்கள் சொன்னார்கள். எதிர்த்தரப்பு அத்தீர்ப்பை ஏற்காமல் பாரபட்சம் என்று குறை சொன்னபோதுதான், வரப்பு நிறையும்வரை நிறுத்திக்கொள்ளும் முழு உரிமையை ஸுபைருக்கு வழங்கினார்கள். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கும் ஓர் அளவு உண்டு.

புதிய ஒப்பந்தத்தில் நாம் எதிர்பார்ப்பதும் அந்த அளவைத்தான். ஃபராக்காவுக்கு வந்து சேர்ந்ததை மட்டும் பங்கிடுவது போதாது. மேலே பாசனத்துக்கும் மின்நிலையங்களுக்கும் எடுக்கப்படும் நீரின் கணக்கு இரு நாட்டு மக்களுக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். குறைந்தபட்ச நீருக்கான உத்தரவாதம் திரும்ப வர வேண்டும். வறண்ட மாதங்களில் எந்த மின்நிலையம் உற்பத்தியைக் குறைப்பது, எந்தப் பயிருக்கு முன்னுரிமை என்பதை நெருக்கடி வருமுன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மார்ச்சிலும் இரு கரையிலும் உள்ள ஏழைகள் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருப்பார்கள். நதியோ அவர்களை வந்து சேரும் முன்பே தீர்ந்துபோயிருக்கும்.