கொஞ்சூண்டு சைக்கிள்

நெதர்லாந்துக்காரர்கள் வெயிலைச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். சூப் ருசியாக இருந்தால் 'லெக்கர்'. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் அதுவும் 'லெக்கர்'. ஏப்ரலில் ஒருநாள் மேகம் விலகி வெப்பம் 20 டிகிரியை எட்டிவிட்டால், நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர், கடிதம் போடுபவர், தோட்டத்தில் துணி உலர்த்துபவர் என்று எதிர்ப்படுகிற எல்லாரும் 'லெக்கர் வேர், ஹே?' என்கிறார்கள். வேர் என்றால் வானிலை. கடைசியில் வரும் 'ஹே' நம் 'இல்ல?' மாதிரி. நம்மூரில் 'சாப்டாச்சா?' என்று கேட்பவர் இலை போடப் போவதில்லை. இதுவும் அந்த ரகம்தான். 'ஹேர்லக்!' (அருமை!) என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். "ஆமாம், ஆனால் நேற்றைவிடக் காற்று கொஞ்சம் அதிகம்" என்று ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதில்லை.

ஆனால் வெயிலைப் பற்றிய வாக்கியம் தனியாக வருவதே இல்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பற்றிய வாக்கியம் ஒன்று வந்துவிடும். நடக்கப் போகிறீர்களா, சைக்கிளா, கடற்கரையா? 'வீட்டில்தான் இருக்கப் போகிறேன்' என்றால் உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. டிசம்பரில் எட்டரை மணிக்கு மேல்தான் விடிகிறது, நாலரைக்கு இருட்டிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினால் சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் சென்னையைப் போல சில மாதங்களில் கொட்டித் தீர்க்காமல், வருஷம் பூராவும் தவணை முறையில் பெய்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வெயிலை வீணாக்குவது சோற்றை வீணாக்குவதற்குச் சமம்.

வசந்தத்தின் அந்த முதல் வெயில் நாளுக்குப் பெயர்கூட உண்டு: 'ரொக்யெஸ்டாக்'. பாவாடை நாள். கனத்த காலுறைகளைக் கழற்றிவிட்டுப் பெண்கள் சொல்லிவைத்தாற்போல் பாவாடையில் வெளியே வரும் நாள். இந்தச் சொல்லை ஊர் வாயில் போட்டவர் 2009இல் மறைந்த மார்ட்டின் பிரில். நாளிதழில் பத்தி எழுதியவர். பத்தி எழுதுகிறவனாக எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. ஓர் ஆணின் கண் மட்டும் பார்த்த வசந்தம் என்ற உறுத்தலும் உண்டு.

என்னை அதிகம் கவர்வது டச்சு மொழியின் குட்டிப்படுத்தும் வித்தை. பெரும்பாலான பெயர்ச்சொற்களின் வாலில் ஒரு 'யெ'யோ 'த்யெ'யோ ஒட்டினால் அது குட்டியாகிவிடும். சூரியனே 'ஸொன்னெத்யெ' ஆகிவிடுகிறது, சூரியக்குட்டி. இதே வித்தையை உடற்பயிற்சிக்கும் காட்டுகிறார்கள். சாப்பிட்டபின் தெருவைச் சுற்றி வருவது 'ஒம்மெத்யெ'. பூங்காவில் ஓடிவிட்டு வருவது 'ரொன்த்யெ', ஒரு சின்ன வட்டம். சைக்கிளில் போவது 'ஸ்டுக்யெ ஃபீட்ஸன்', கொஞ்சூண்டு சைக்கிள். யாரும் 'உடற்பயிற்சி செய்யப் போகிறேன்' என்று விறைப்பாக அறிவிப்பதில்லை. நமக்கோ நடை என்றால் டாக்டர் சொன்னது, சர்க்கரை அளவு, வெள்ளை ஷூ, விடியற்காலை அலாரம். இவர்களுக்கு அது 'சும்மா காற்றாட'. மூளைநோய் ஆய்வுக்கு நிதி திரட்டும் ஹெர்சன்ஸ்டிக்டிங் அறக்கட்டளை, எரிக் ஸ்கெர்டர் என்ற நரம்பு உளவியல் பேராசிரியரோடு சேர்ந்து மக்களை நடக்கவைக்க ஒரு செயலி கொண்டுவந்தபோது, அதற்கு 'ஒம்மெத்யெ' என்றுதான் பெயர் வைத்தது. 'மூளை நலத்துக்கான தினசரி நடைப்பயிற்சி' என்று வைத்திருந்தால் நானே தரவிறக்கியிருக்க மாட்டேன்.

குட்டி என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. ஓய்வுபெற்ற தம்பதிகள் 'ஸ்டுக்யெ' என்று கிளம்பி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு வருவார்கள். பாதை பிரியும் இடங்களில் எண் பலகைகள் நட்டிருக்கின்றன. 23, 57, 8 என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், வரைபடமே வேண்டாம். சுமார் 1.8 கோடி மக்களுக்கு 2.3 கோடி சைக்கிள் என்று கணக்குச் சொல்லும் நாடு. வழியில் கட்டாயம் ஒரு 'டெராஷெ' உண்டு. உணவகத்தின் வெளிமுற்றத்தில் வெயில் பார்த்து உட்கார்வது. காபியும், மேலே கிரீம் வைத்த ஆப்பிள் கேக்கும் வரும். எரித்த கலோரி அங்கேயே வட்டியோடு திரும்பிவிடும்.

ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் 'லெக்கர் பேஸிஹ்!' என்பார்கள். ஜோராகச் செய்கிறாய் என்று பொருள். தொனி மாறினால் கிண்டல். காபியைக் கவிழ்த்தவனுக்கும் இதேதான் கிடைக்கும்.

நல்ல வெயில் எங்கே கெட்ட வெயிலாகிறது என்பதற்கு இங்கே அரசாங்க அளவுகோல் இருக்கிறது. 1854இல் தொடங்கிய வானிலை நிறுவனம் உத்ரெக்ட் பக்கத்தில் டி பில்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. 25 டிகிரி தொட்டால் 'கோடை நாள்', 30 தொட்டால் 'வெப்பமண்டல நாள்'. டி பில்ட்டில் தொடர்ந்து ஐந்து நாளாவது 25ஐத் தொட்டு, அதில் மூன்று நாளாவது 30ஐத் தொட்டால்தான் நாட்டுக்கே அதிகாரபூர்வ வெப்ப அலை. வேலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். குளிரைத் தடுக்கக் கட்டிய வீடுகள், மின்விசிறியே இல்லாத அறைகள். 2019 ஜூலை 25 அன்று கில்ஸெ-ரெய்னில் 40.7 டிகிரி பதிவானபோது சிரிக்க ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் 'கூரையிலிருந்து குருவிகள் விழுகின்றன' என்பார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நேரத்தை முன்னே தள்ளிக்கொள்வார்கள்; அதற்கும் 'வெப்பமண்டல அட்டவணை' என்றே பெயர்.

நடப்பவர்களுக்கு இந்த வெக்கை விளையாட்டில்லை. 1909இல் தொடங்கி, இப்போது நைமேகன் நகரில் நடக்கும் 'ஃபீர்டாக்ஸெ' நாலு நாள் நடைவிழா. ஜூலையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தினம் 30, 40 அல்லது 50 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கடைசி நாளில் கிளாடியோலஸ் பூங்கொத்து கொடுத்து வரவேற்பார்கள். 2006இல் முதல் நாள் வெக்கையிலேயே இரண்டு பேர் இறந்துபோக, மீதி நாட்களை ரத்து செய்துவிட்டார்கள். வெயிலை இவ்வளவு கொண்டாடும் நாட்டில் நடைக்காரர்கள் வேண்டிக்கொள்வது என்னவோ மேகமூட்டத்தைத்தான்.

மழையும் காற்றும் வந்தால் உள்ளே ஒடுங்கிவிடுவார்களா என்றால் அதுவுமில்லை. 'நாம் சர்க்கரையால் செய்யப்படவில்லை' என்று சொல்லிக்கொண்டு மழைக்கோட்டு மாட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு சைக்கிளில் அனுப்புகிறார்கள். பலத்த காற்றில் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் நடந்து தலையிலிருக்கும் கவலையைப் பறக்கவிட்டு வருவதற்கு 'ஆய்ட்வாயன்' என்று பெயர். குளிர்காலத்தில் எனக்குப் பிடித்தது இதுதான், காசு செலவில்லை. இதன் உச்சம் ஸேலாந்து மாகாணத்தில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய எதிர்காற்று சைக்கிள் போட்டி அது. ஓஸ்டர்ஸ்கெல்டெ புயல் தடுப்பணைமேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், காற்றுக்கு நேர் எதிராக மிதிக்க வேண்டும். தேதி முன்கூட்டிக் கிடையாது. புயல் வருகிறது என்று தெரிந்தபிறகுதான் அறிவிப்பார்கள்.

வயதானவர்கள் அடிக்கடி சொல்வது 'ரஸ்ட் ரூஸ்ட்'. ஓய்ந்தால் துருப்பிடிக்கும். சொல்லிவிட்டு எண்பது வயதில் மளிகைப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். நான் பார்த்தவரை இவர்களை நடக்கவைப்பது மன உறுதியோ ஒழுக்கமோ இல்லை. தட்டையான நிலம், தனிச் சைக்கிள் பாதை, அதைச் சுகம் என்று சொல்லிப் பழகிய பேச்சு இவைதான்.

ஐந்தோவனுக்கோ ஆம்ஸ்டெல்வேனுக்கோ மகன், மகள் வீட்டுக்கு வரும் பெற்றோர்களே, டச்சு தெரியவில்லையே என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காதீர்கள். 'லெக்கர் வேர், ஹே?' போதும், தெருவில் பாதிப் பேர் சிநேகமாகிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'ஸ்டுக்யெ ஃபீட்ஸன்' என்று கூப்பிட்டால் மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர், திரும்பி வரும்போது காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.