முகத்தை வெளுக்கும் வித்தை

சித்திரப் பாட நேரத்தைக் கணிதத்திற்குத் தாரைவார்ப்பது நம் பாடசாலைகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை ஒவ்வொரு மாணவரும் ஓர் அழகியற் பாடம் பயில வேண்டுமென்பது விதி. பரீட்சைப் புள்ளி என்னும் தெய்வத்தின் முன் அவ்விதி பலியிடப்படுகிறது. ஆகவே மனித முகத்தைப் பற்றிய பாடத்தை நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிடம் கற்கின்றனர். அங்கே ஆசிரியர் யார்? வெளுத்த தோலே அழகு என்று விற்றுப் பிழைக்கும் வர்த்தகம்!

பேசாலையிலும் பள்ளிமுனையிலும் கடல் வெயிலிற் கறுத்த தொழிலாளரின் பிள்ளைகள், தம் படத்தை எடுத்ததும் செய்யும் முதல் வேலை நிறத்தை வெளுப்பதுதான். சிறுபிள்ளை விளையாட்டு என்பர் சிலர். விளையாட்டுத்தான், தகப்பனின் நிறம் பிழை என்ற பாடமும் அதற்குள் இருக்கிறது.

இது தொலைபேசியோடு பிறந்த நோயன்று. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம், வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க 1950கள் தொட்டு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைப் பெண்ணொருத்தியின் முகம். அதுவே அளவுகோல், கறுத்த முகங்கள் நிழலாய் மங்கின. சாக்லேட் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் தம் பண்டங்களின் நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பின்னரே படச்சுருளைத் திருத்த முனைந்ததாக அந்நிறுவனத்தில் பணியாற்றியோரே கூறியுள்ளனர். மனித முகத்திற்குக் கிடையாத மரியாதை மேசைக்குக் கிடைத்தது!

அதற்காகக் கருவியைக் கடலில் எறியச் சொல்லவில்லை. கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையிலே படத்தோடு படம் பொருத்தியும் ஒளியை மாற்றியும் செய்தவை கலையே. அவருக்குத் தாம் எதை மாற்றுகிறோம் என்பது தெரிந்திருந்தது. நம் பிள்ளைக்கும் அது தெரிய வேண்டும். முதலில் ஒரு கரித்துண்டும் கண்ணாடியும் கொடுங்கள். கண்களை நெற்றியின் மேற்புறத்தில் வைத்து வரைவது பிள்ளைகளின் இயல்பு. அளந்து பார்க்கச் சொன்னால், அவை தலையின் நடுவில் இருப்பதைத் தாமே கண்டு வியப்பர். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கறுத்த கன்னத்தில் ஒளி எந்த இடத்தில் மினுங்குகிறது என்பதைக் கைவலிக்க வரைந்து அறியட்டும். பிறகு அதே முகத்தைச் சன்னலோரத்தில் நிறுத்திப் படமெடுத்து, கணினியில் ஒளியையும் நிழலையும் கூட்டிக் குறைக்கட்டும். வரைந்து பழகிய கண்ணுக்கு, ஒரே தொடுகையில் எது அழிந்தது என்பது புலப்படும்.

மன்னாரில் இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிலும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களிலும், பலவற்றிற்கு வீட்டுப் புகைப்படங்கள் மிஞ்சவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவில் ஏந்தி நிற்கும் படங்களிற் சில, அடையாள அட்டையிலிருந்தோ கலியாணப் படத்தின் மூலையிலிருந்தோ வெட்டிப் பெருப்பிக்கப்பட்டவை. அத்தகைய படத்தை 'அழகாக்கும்' கருவி, புருவத்துத் தழும்பைத்தான் முதலில் துடைக்கிறது. மகனைத் தேடும் தாய்க்கு அந்தத் தழும்பே அடையாளம்.

சிதைந்த படமொன்றை அதன் தழும்போடு மீட்டுக் கொடுக்கத் தெரிந்த மாணவர் பத்துப்பேரை இக்கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் உருவாக்கலாம். பணம் கட்டிப் படிக்கும் நகரத்து வகுப்புகளுக்கு இதை விட்டுவிட்டால், சம்மாட்டியின் பிள்ளை கற்கும். கரைவலை இழுப்பவரின் பிள்ளை கற்காது. பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்று நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சித்திரமும் பாடத்திட்டந்தான், ஐயா! அடுத்த தவணை நேரசூசி எழுதும்போது அதன் நேரத்தைத் திருப்பித் தாருங்கள். கணினி அறையின் திறப்பையும் சேர்த்து.