ஒரே கயிற்றை இழுத்த நால்வர்

வீட்டிலே ஒரு பிள்ளை கித்தார் வாங்கித் தரும்படி கேட்டால், பெற்றோர் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியன்று; கவலையே. படிப்புக் கெட்டுவிடுமோ, கூட்டுறவு பிழைத்துவிடுமோ, இரவெல்லாம் தெருவிலே கழியுமோ என்று எண்ணுவர். வயலினோ மிருதங்கமோ கேட்கும் பிள்ளையிடம் இவ்வளவு ஐயம் கொள்வதில்லை. அவ்வையத்துடன் சென்று, வேறொரு எண்ணத்துடன் திரும்பிய கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

பங்குனி மாதத்தில், சோளகக் காற்று எழுமுன், மன்னார்த் தீவின் தென்கரைக் கிராமம் ஒன்றில் நண்பர் வீட்டில் இரு நாள் தங்கினோம். நண்பரின் மகனும் அவனுடைய தோழர் மூவரும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கின்றனர். கித்தார் இரண்டு, பேஸ் கித்தார் ஒன்று, தாளத்துக்கு ஒரு மரப்பெட்டி: இவையே அவர்களுடைய சொத்து. பெட்டியின் மேல் ஒருவன் அமர்ந்து, அதன் முன்பலகையைக் கையால் தட்டுகின்றான். கரையோரத்து உப்புக்காற்றில் உருக்குத் தந்திகள் விரைவில் துருப்பிடிப்பதால், வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு தந்தியையும் துணியால் துடைத்து வைக்கின்றனர். வலையை உலர்த்தி மடிக்கும் தந்தையரின் பொறுமை அந்தத் துடைப்பிலே தெரிந்தது.

அவர்களுக்குள் அன்று பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சொந்தமாக இயற்றிய நான்கு பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து வெளியிட வேண்டும் என்பது ஆசை. கொழும்புக்குச் சென்று ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கவேண்டும் என்றான் ஒருவன். இருக்கும் பணத்துக்கு நல்ல ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக் கணினியிலேயே பதிந்துகொள்ளலாம் என்றான் மற்றவன். சினிமாப் பாட்டுப்போல் வயலின் கூட்டமும் எதிரொலியும் சேர்த்தாலன்றி எவரும் கேட்கமாட்டார் என்றான் மூன்றாமவன். பெட்டி தட்டுபவன் மட்டும் மௌனமாக இருந்தான்.

"ஐயா, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்" என்று, முன்பு பதிந்திருந்த ஒரு பாட்டை எமக்குப் போட்டுக் காட்டினர்.

அதைப் பதிந்த முறையையும் விளக்கினர். நால்வரும் சேர்ந்து வாசிக்கவில்லை. கடிகாரம்போலத் தட்டும் ஓசையைக் காதில் மாட்டிக்கொண்டு, முதலில் ஒருவன் கித்தாரைத் தனியே பதிந்தான். மறுநாள் மற்றவன் வந்து, அதைக் கேட்டுத் தன் பங்கைச் சேர்த்தான். இவ்வாறே பேஸும் தாளமும் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. உலகமெங்கும் இன்று கையாளப்படும் முறைதான் இது. பிழை நேர்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பதியலாம். பாட்டும் பிழையின்றியே இருந்தது. ஆயினும் கேட்டு முடிந்தபின் மனத்தில் எதுவும் தங்கவில்லை. அதற்குக் காரணம் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

சொன்னவர் திண்ணையில் இருந்த பாட்டனார். எண்பதைத் தாண்டியவர், கரைவலை இழுத்தே முதுமை எய்தியவர்.

"நால்வரும் நன்றாய்த்தான் இழுக்கிறீர்கள், தம்பிமாரே. ஆனால் ஆளுக்கொரு கயிறு இழுக்கிறீர்கள்" என்றார்.

இச்சொல்லின் பொருள் கரைவலை கண்டவர்க்கே முழுதும் விளங்கும். தோணியிலே வலையைக் கொண்டு சென்று கடலில் வளைத்து விட்டு, அதன் இருபுறக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டு வருவர். பின்னர் இரு அணியாக நின்று இழுப்பர். ஓர் அணி முந்தி மற்ற அணி பிந்தினால் வலை சரியும், மீன் தப்பும். ஒருவரையொருவர் எட்டி நின்று பார்க்கும் அந்த இரு வரிசைகளையும் ஒன்றாக்கும் கருவி பாட்டு. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர் பின்னடி பாடி, அந்த மூச்சிலேயே கயிற்றை இழுப்பர். இதனையே அம்பாப் பாட்டு என்பர். காற்றுப் பலத்தால் அடி நீளும். வலை கனத்தால் அடி மெல்லச் செல்லும். மடி கரையை நெருங்கினால் விரையும். அங்கே தாளத்தைக் கடிகாரம் விதிப்பதில்லை. வேலை செய்யும் உடம்புகளே விதிக்கின்றன.

பாட்டனார் சொல்லைக் கேட்டபோது எமக்கு வேறொரு கரையின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1963ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் தேதி, லண்டன் நகரில் பீற்றில்ஸ் என்னும் நான்கு இளைஞர் தம் முதல் நெடுந்தட்டுக்குரிய பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிந்து முடித்தனர். இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடா இயந்திரம். நால்வரும் ஒரே கூடத்தில் நின்று வாசித்தனர். ஜோன் லெனனுக்குத் தடிமன். தொண்டை கிழியப் பாடவேண்டிய பாட்டை, குரல் போய்விடுமென்று கடைசிக்கு வைத்தனர். அந்தக் கரகரப்பு இன்றும் அந்தத் தட்டிலே கேட்கின்றது. ஒரு நாளில் அவர்கள் முடித்தது வியப்பாகத் தோன்றலாம். அந்நாளின் பின்னே, 1960 முதல் ஜெர்மனியின் ஹாம்பேர்க் நகரத்து விடுதிகளில் இரவு தோறும் மணிக்கணக்காகச் சேர்ந்து வாசித்த உழைப்பு நின்றது. ஒலிப்பதிவுக் கூடம் அவர்களை ஒன்றாக்கவில்லை. ஒன்றாகிவிட்டவர்களை அது பதிந்துகொண்டது.

இதனைச் சொன்னபோது, சினிமா ஒலி வேண்டும் என்ற இளைஞன், "அது இங்கிலாந்து, ஐயா. எங்கள் ஊர்ப் பேச்சில் பாடினால் யார் கேட்பார்கள்?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டிலேயே அதற்கு மறுமொழி உண்டு. 1560ஆம் ஆண்டில் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இங்கே கோட்டை கொண்டிருந்தனர். அவர்கள் போய்விட்டனர், ஆடுதல் என்னும் பொருளுடைய அவர்களது சொல்லிலிருந்து பிறந்த பைலா இலங்கையில் நிலைத்தது. 1966ஆம் ஆண்டளவில் கிளாரன்ஸ் விஜயவர்த்தன, மூன்ஸ்ரோன்ஸ் குழுவுடன் மின்கித்தாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொண்டு வந்தார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே நித்தி கனகரத்தினம் கித்தாரை ஏந்தித் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? சின்ன மாமியிடம் பேசும் பேச்சு. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்னும் புத்தி. வீட்டுப் படலையில் நின்று சொல்வது போன்ற சொற்கள். ஏ. ஈ. மனோகரன் பாடிக் கடல் கடந்து பரப்பிய "சுராங்கனி"யோ, மீன் கொண்டு வந்தோம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் பாட்டு. 2018ஆம் ஆண்டு சென்னையில் அவர் மறைந்த பின்னும் அது கொண்டாட்டங்களில் ஒலிக்கின்றது. மீனைப் பற்றிப் பாட மன்னார்ப் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டுமா?

அப்போதுதான் மௌனமாயிருந்த இளைஞன் வாய் திறந்தான். "அப்பு, நீங்கள் ஓர் அம்பா சொல்லுங்கள்" என்று பாட்டனாரைக் கேட்டான்.

கிழவர் சற்றுநேரம் கடலைப் பார்த்தார். பாடவில்லை. ஒரு கதையைச் சொன்னார். அம்பா சொல்வதில் அவரைவிட வல்லவர் அவருடைய தமையனார். அந்தக் குரலை யாரோ உறவினர் ஒரு கசெற்றில் பதிந்து கொடுத்திருந்தனர். போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியபோது பிள்ளைகளைத் தூக்கினர், உடுபுடைவைகளைத் தூக்கினர், கசெற்றை எவரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது வீடே இல்லை. தமையனாரும் அகதி வாழ்விலேயே காலமாகிவிட்டார். "அவனுடைய முகத்துக்குப் படம் இருக்கிறது, குரலுக்கு ஒன்றும் இல்லை" என்றார்.

பின்னாளில் பல கரைகளில், உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளையே கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. தோள் நோவு குறைந்தது. அதைக் குறை கூற நாம் யார்? ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. ஆதலால் அம்பாவை முழுமையாய் அறிந்தவர் இன்று முதியவர் சிலரே. அவர்கள் போய்விட்டால், காற்றுக்கும் கனத்துக்கும் ஏற்ப அடியை நீட்டிக் குறைக்கும் அந்த வித்தையை எந்தக் கூடமும் திருப்பித் தராது.

அன்றிரவு விவாதம் எளிதாக முடிந்தது. கொழும்புப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. கரையிலுள்ள பழைய மீன்வாடியிலே, நால்வரும் சேர்ந்து, ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவதென்று தீர்மானித்தனர். அந்த இடத்தில் அறிவுடைமையும் உண்டு. வெறுஞ் சுவர்கள் உள்ள சீமெந்து அறையில் ஒலி மோதித் திரும்பி இரைச்சலாகும். கிடுகு வேய்ந்த வாடியில் குவிந்து கிடக்கும் வலைகளும் கயிறுகளும் ஒலியைச் சிதறடித்து அடக்கிவிடும். பெரும் பொருட்செலவில் கூடங்கள் சுவரிலே ஒட்டும் மெத்தைகள் செய்யும் வேலையை வலைக்குவியலும் ஓரளவு செய்கின்றது. மன்னாரில் பெரும் பகை காற்று. தென்கரையில் முப்பது காற்றாலைகளை நிறுத்தி 103.5 மெகாவாற் மின்சாரம் பெறத்தக்க காற்று, ஒலிவாங்கியின் வாயில் புகுந்தால் பாட்டை விழுங்கிவிடும். ஆதலால் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையைத் தேர்ந்தனர்.

விடியுமுன் நாமும் சென்றோம். கிழவரை ஒரு வலைக்குவியலின் மேல் அமர்த்தினர். முதலில் அவர் மட்டும் பாடினார். குரல் நடுங்கியது, ஓரிடத்தில் அடி மறந்து, மீண்டும் பிடித்தார். அதை அழிக்கவில்லை. அதன்பின் பேரன் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் தட்டினான். அந்தக் கை, இல்லாத கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. கித்தார்கள் இரண்டும் அந்த இழுப்புக்குள் நுழைந்தன. மூன்று முறை பிழைத்தது. நான்காம் முறை பாட்டு நடுவில் சற்றே விரைந்தது. ஆனால் நால்வரும் சேர்ந்தே விரைந்தனர். கிழவர் சிரித்து, "மடி கரைக்கு வந்துவிட்டது" என்றார். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கின்றது.

அந்தப் பாட்டுப் புகழ் பெறுமா, பணம் தருமா என்று சொல்ல நாம் சோதிடர் அல்லோம். ஆயினும் எம் வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். மாணவர்களே, உங்கள் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி. உங்கள் வீட்டு முதியவருக்குத் தெரிந்த தாலாட்டையோ, ஒப்பாரியையோ, கூத்துப் பாட்டையோ இந்த ஞாயிற்றுக்கிழமையே பதியுங்கள். தொடக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் வாயாற் சொல்லி வையுங்கள். ஒரு படியை வீட்டிலும் மற்றொரு படியை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் வைத்ததை இழந்த வேதனை எங்கள் மக்களுக்குப் புதிதன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கித்தார் கேட்டால் உடனே மறுக்கவேண்டாம். யாருடன் சேர்ந்து வாசிக்கப் போகிறாய் என்று கேளுங்கள். பிறர் மூச்சைக் கவனித்துத் தன் கையை அசைக்கப் பழகிய பிள்ளை, வாழ்க்கையிலும் கயிற்றைத் தனியே இழுக்கமாட்டான்.