உங்களுக்கெல்லாம் கணக்கு வராது

கடந்த மே மாதம், பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று அக்கா போன் செய்தாள். “தம்பி பாஸாயிட்டான் பாப்பா. கணக்குலதான் முப்பத்தாறு. பதினொண்ணுல சேத்தா ரொம்பக் கஷ்டப்படுவான், ஐ.டி.ஐ.ல போட்டுடுங்கன்னு சார் சொல்றாரு. உன்ன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான்.”

“ஐ.டி.ஐ.யா? எதுக்கு?” என்று கத்திவிட்டேன். மறுமுனையில் அக்கா பேசவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன தங்கை கோபப்பட்டால் அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்புகிறவள் அவள். ஆனால், அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

நியாயமான பாதியை முதலில் சொல்கிறேன். 2008இல் நான் பத்தாம் வகுப்புப் படித்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. காலனியிலிருந்து வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்போம். கணக்கு ஆசிரியர் கெட்டவர் அல்லர். அடிக்க மாட்டார், சாதிப் பெயர் சொல்லித் திட்டியதும் இல்லை. அரையாண்டுத் தாளைக் கொடுக்கும்போது எங்கள் வரிசையைப் பார்த்துப் பரிவோடுதான் சொன்னார்: “உங்களுக்கெல்லாம் கணக்கு வராதும்மா. பாஸானா போதும், பாருங்க.” ஊர்த்தெருப் பையன் ஒருவனும் என் அளவுக்குத்தான் மதிப்பெண் வாங்குவான். அவனிடம், “ஏன்டா கவனிக்க மாட்டேங்குற? அப்பாகிட்ட சொல்லவா?” என்பார். அவனுக்குக் குறை கவனத்தில், எங்களுக்குக் குறை பிறப்பில். அவனுக்கு ஒருமை, எங்களுக்குப் பன்மை.

சாதி இப்படித்தான் வகுப்பறையில் வேலை செய்கிறது, பெரும்பாலும் ஒரு ‘உங்களுக்கெல்லாம்’ போதும். அந்தப் பொதுத்தேர்வில் கணக்கில் 29 வாங்கித் தோற்றேன்.

கணக்கு ‘வராமல்’ போவது எப்படி? வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த பாடத்தைப் படித்துவிடலாம். கணக்கு ஏணி போன்றது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாதவருக்கு எட்டில் இயற்கணிதம் புரியாது, பத்தில் எதுவுமே புரியாது. அறுவடை நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போன பிள்ளை, செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பிய பிள்ளை, கணக்குக்கு ஆசிரியரே இல்லாமல் ஓராண்டைக் கழித்த பள்ளியின் பிள்ளை எல்லோரும் ஏணியில் ஒவ்வொரு படியை இழந்திருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் படியை இழக்கிறது. ஆனால், அதற்கு டியூஷன் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறார். இழந்த படிகளின் கணக்கைத்தான் பத்தாம் வகுப்பில் பிள்ளையின் மூளைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இதே நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று, உதவித்தொகையையும் இழந்த ஓர் இளைஞர், பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேறவில்லை. அவர்தான் இராமானுஜன். அவர் பிறந்த நாளை இன்று தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்தான். கணக்கு மட்டுமே வந்து மற்றவை வராத ஒருவரை ‘மேதை’ என்று புரிந்துகொள்ள முடிகிற சமூகம், மற்றவை வந்து கணக்கு மட்டும் வராத பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்வது ஏன் என்பதே என் கேள்வி.

இப்போது என் கோபத்தின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். 29 வாங்கிய அந்தக் கோடையில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் பெரியம்மா மகன். அவரும் அதே பள்ளியில் படித்து, அதே ‘உங்களுக்கெல்லாம்’ கேட்டு, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரின் சின்னப் பகுதியைக்கூடப் படிக்கப் பழகியவர். “கவராயத்த இப்படிப் புடி, பென்சில் முனையச் சீவு, கோடு நகரக் கூடாது” என்று வடிவியலில் தொடங்கினார். பிறகு வரைபடம். பிறகுதான் மற்றவை. ஐ.டி.ஐ. பாடத்தில் பொறியியல் வரைபடமும் பட்டறைக் கணக்கும் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். சில வாரங்கள் கழித்துச் சிறப்புத் தேர்வில் 41 எடுத்தேன். கணக்கு வராது என்று சொல்லப்பட்டவர் கணக்கு வராது என்று சொல்லப்பட்டவளைத் தேறவைத்தார்.

அதே நான்தான் அக்காவிடம் “ஐ.டி.ஐ.யா?” என்று கத்தினேன். கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, நாற்காலியில் உட்கார்ந்து செய்வது உயர்ந்தது என்று சொல்லித்தருவது சாதி. எனக்கும் அதைச் சொல்லித்தந்திருக்கிறது.

ஆனாலும் ‘கைத்தொழிலை மதிப்போம்’ என்று சொல்லிவிட்டு இந்தப் பிரச்சினையை முடித்துக்கொள்ள முடியாது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் தொழிலை மதிப்பதாகத்தான் பேசியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி வகுப்பில் இருப்பார்கள், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்பார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடினார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்தும் அந்த வாசனை போகவில்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்டு 18 வயதிலேயே சேரலாம் என்றபோது, அதை அந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு கடிதம் எழுதியது. 18 என்பது கல்லூரிக்குப் போகும் வயது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும் என்று அரசு கேட்டதன் காரணமும் அதுதான்.

அப்படியானால் ஐ.டி.ஐ.க்கும் குலக்கல்விக்கும் என்ன வேறுபாடு? இரண்டே கேள்விகளால் சோதிக்கலாம். ஒன்று, தேர்ந்தெடுத்தது யார்? பிள்ளையா, பிள்ளையின் தெருவைப் பார்த்து முடிவெடுத்த இன்னொருவரா? இரண்டு, அந்த வழி மேலே போகிறதா, அங்கேயே முட்டி நிற்கிறதா?

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, கணக்கில் தடுமாறும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்னென்ன வழிகள் என்று பார்ப்போம். இவை நம் வீடுகளில் பலருக்குத் தெரியாமல் இருப்பதே பாதிச் சிக்கல்.

முதலில், தோற்றவர்களுக்கு. அதே கோடையில் துணைத்தேர்வு உண்டு. தேறினால் அந்த ஆண்டே மேலே படிக்கலாம், ஓராண்டு வீணாகாது. இப்போதைய கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியலும் வரைபடமும் எட்டெட்டு மதிப்பெண். இவை மட்டும் 30. சில இரண்டு மதிப்பெண் வினாக்களைச் சேர்த்தால் 35ஐத் தாண்டலாம். இது கணக்கைக் கற்பதற்கு ஈடல்ல, கதவு சாத்தாமல் பார்த்துக்கொள்ளும் வழி. 2020லும் 2021லும் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. 35 என்ற அந்தக் கதவை மனிதர்கள்தான் வைத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தேறியவர்களுக்குப் பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்புகள் பல. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் நர்சிங் போன்ற படிப்புகளுக்கு வழி உண்டு. வணிகவியல் குரூப் என்றால் கணக்குப்பதிவியலைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது வேறு, கணிதம் வேறு. வரவு செலவை எங்கே எழுதுவது என்ற ஒழுங்குதான் அதில் முக்கியம். வணிகக் கணிதம் தனிப் பாடம், அதற்குப் பதில் கணினிப் பயன்பாடுகள் உள்ள குரூப்பைக் கேட்டு வாங்கலாம். வரலாறு, பொருளியல் உள்ள கலைக் குரூப்பில்தான் நான் சேர்ந்தேன். எந்தக் குரூப் படித்தவரும் ப்ளஸ் டூ முடித்து ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைக் காலனிதோறும் சொல்ல வேண்டும். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்தெந்தக் குரூப் உண்டு என்று விசாரித்துவிட்டு, வேண்டியது இல்லையென்றால் அடுத்த ஊர்ப் பள்ளியையும் கேளுங்கள்.

பாலிடெக்னிக் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘ப்ளஸ் டூ கணக்குக்குப் பதில் பாலிடெக்னிக்’ என்று சேர்பவர்கள் முதலாண்டிலேயே பொறியியல் கணிதத்தைச் சந்திக்கிறார்கள். அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான். சேர்வதென்றால் அந்தக் கோடையிலேயே கணக்கில் உதவிக்கு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பிரிவுகள் உண்டு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் வெல்டர், ஒயர்மேன் போன்றவை உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, தமிழும் ஆங்கிலமும் தனித்தேர்வாக எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். அதாவது வழி மேலே போகிறது. அதைச் சேர்க்கும்போதே யாரும் சொல்வதில்லை என்பதுதான் அதைக் குலக்கல்வியாக்குகிறது.

பணத்துக்கும் வழி உண்டு. பட்டியல் சாதி மாணவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய்.

‘கணக்கு வராத பிள்ளைகளுக்குத் தனியாக எளிய கணக்குத் தாள் வைத்தால் என்ன?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். சி.பி.எஸ்.இ. 2020 முதல் பத்தாம் வகுப்பில் அடிப்படை, தரநிலை என்று இரண்டு தாள் வைத்திருக்கிறது. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. நம் பள்ளிகளில் அப்படி வந்தால், யாருடைய பெயர்கள் எளிய தாளின் பட்டியலில் எழுதப்படும்? பின் வரிசையைப் பார்த்து ‘உங்களுக்கெல்லாம்’ என்று சொன்ன அதே வாய்தான் அந்தப் பட்டியலையும் வாசிக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு. ஆறாம் வகுப்பிலேயே இழந்த படிகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரமும் ஆசிரியரும் வேண்டும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை மக்கு என்று சொல்லாமல் சோதித்து, உரிய சலுகையைப் பெற்றுத்தர வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டோடும் வழிகளைப் பேச ஓர் ஆள் வேண்டும்.

கணக்கை ஒரேயடியாகக் கைவிடுவதற்கும் நான் ஆதரவில்லை. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 கணக்கும் திறனறிவும்தான். கூலியில் பிடித்தம் சரியா, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பார்க்கவும் கணக்கு வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இருபத்தேழு வயதில் புள்ளியியல் கற்றேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பதினாறில் வராதது பிறகும் வராது என்று எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் எழுதியிருக்கவில்லை.

அக்கா போனை வைப்பதற்கு முன் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். “சார் சொன்னது இருக்கட்டும். உனக்கு என்னடா வேணும்?” கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சித்தி. சார் சொல்றதுக்கு முன்னாடியே நெனச்சதுதான். நீ திட்டுவன்னு சொல்லல.” வீட்டு மின்விசிறியை இரண்டு முறை பிரித்துப் பூட்டியவன் அவன். எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

சேர்ந்திருக்கிறான். தமிழ், ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். போன வாரம் பட்டறைக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, “சித்தி, இது பத்தாவதுல வந்த விகிதம்தான?” என்று கேட்டான். அதேதான். ஃபிட்டர் அண்ணனிடம் கேள் என்று எண்ணைக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் முதலில் கல்லூரி போனவர்கள். நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பள்ளிகள் நடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு பின்னத்தில் உட்காருங்கள். அடுத்த மே மாதம் முடிவு வரும்போது மேலே சொன்ன வழிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு காலனிக்குப் போங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக, பெயர் சொல்லி, “உனக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள்.