மாத்திரை அட்டை ஏன் தீரவில்லை?

கர்ப்பிணியாக இருக்கும் பெண்ணிடம், "இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறியாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "ம்... சாப்பிடறேன் டாக்டர்" என்று இழுப்பாள். அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். "நாங்க சொன்னா எங்கே கேட்கிறா?" என்று மாமியார் அலுத்துக்கொள்வார். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அலட்சியம் என்று அவள் தலையில் பழியைப் போடுவது ரொம்ப சுலபம். வேலைக்குப் போகும் பெண்களைப் பொறுத்தவரை பெரும்பாலான காரணம் வீட்டிலும் அவள் வேலை பார்க்கிற இடத்திலும்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விஷயம் சின்னதல்ல. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு அது இருந்தது. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தைக்கூடத் தாங்க முடியாத உடம்பு... இவையெல்லாம் அதன் விளைவுகள். அதனால்தான் நான்காவது மாதம் முதல் தினமும் ஒன்றாக 180 நாட்கள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஏன் நிறுத்திவிடுகிறாள்? குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவது. போதாததற்கு "குழந்தை கறுப்பாப் பொறக்கும்" என்று பக்கத்து வீட்டு அறிவுரை வேறு! மலம் கறுப்பது இரும்புச்சத்தால்தான்; பயப்பட வேண்டாம். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலச்சிக்கலுக்குக் கீரை, உலர்திராட்சை, நிறையத் தண்ணீர் போதும். பேதி மருந்தை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கூத்து காலையில் நடக்கிறது. சமையல், டிபன் பாக்ஸ், பஸ் என்று ஓடுகிற ஓட்டத்தில் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காபியோடு விழுங்குவாள். பிறகு இரும்பு எப்படி உடம்பில் சேரும்? கால்சியத்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீ, பால் பக்கத்திலேயே வரக் கூடாது. ராத்திரி படுக்கும் முன் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது.

"நீங்க சித்த வைத்தியர்தானே, மாத்திரைக்குப் பதிலா ஒரு லேகியம் கொடுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. செந்தூரம், பற்பம் என்று யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிச் சாப்பிடுவது கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது.

சித்த மருத்துவம் வேறொன்றைச் சொல்கிறது, அதைக் கவனியுங்கள். நோய் வராமல் இருக்க, அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு. சிறுநீர், மலம், பசி, தாகம், இளைப்பு, தூக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஜவுளிக்கடையிலோ ஆபீஸ் கவுண்டரிலோ நிற்கும் கர்ப்பிணி ஒரே நாளில் இத்தனையையும் அடக்குகிறாள்! கழிவறை சரியில்லை, அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிப்பதில்லை. விளைவு, சிறுநீரில் கிருமித் தொற்று. கவனிக்காமல் விட்டால் அதுவும் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், பிரசவத்துக்கு முந்தைய சுமார் பத்து வாரங்களில் கடினமான வேலையோ வெகுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்று 1961ஆம் வருஷத்துப் பேறுகாலப் பலன் சட்டமே சொன்னது. 2020ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தமும் வந்தது. ஆனால், 'கேட்டுக்கொண்டால்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றுபோகிறது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவள் எப்படி வாய் திறப்பாள்?

ஆகவே, கடை வைத்திருக்கும், ஆபீஸ் நடத்தும் வாசகர்களே! அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு நாற்காலி, சுத்தமான கழிவறை, மாதம் ஒரு நாள் செக்கப்புக்குச் சம்பளம் பிடிக்காத அனுமதி... இதனால் உங்கள் லாபம் ஒன்றும் குறைந்துவிடாது.

கணவர்களே, "மாத்திரை போட்டியா?" என்று போனில் விசாரிப்பதோடு உங்கள் கடமை முடியவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, எலுமிச்சைச் சாற்றையும் மாத்திரையையும் அவள் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் அட்டை தானாகத் தீர்ந்திருக்கும்.